நாற்பத்தைந்து அடி

ஜனவரி 6, வியாழன்

வந்து சேர்ந்தாயிற்று. திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டுப் பன்னிரண்டு நாள். மூன்று விமானம், ஒரு சரக்குக் கப்பல், கடைசியாக முழங்கால் தண்ணீரில் நடை. மச்சினன் சென்னியப்பன் கப்பலில் ஐந்து நாளும் வாந்தி எடுத்தான். "மாமா, தரை தெரிஞ்சா எழுப்புங்க" என்று சொல்லிப் படுத்திருந்தான். எழுப்பினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கீங்க தரை?" என்று மறுபடி சுருண்டுகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. தவாலிக்கித் தீவைக் கடலிலிருந்து பார்த்தால் தண்ணீர்மேல் நட்டுவைத்த தென்னந்தோப்புதான் தெரிகிறது.

வசந்தாமணி, இங்கே போன் டவர் கிடையாது. ஊர்ச் சபை அலுவலகத்தில் ஒரு ரேடியோ உண்டு, அது கப்பலுக்கும் புயல் சேதிக்கும் மட்டும். அதனால் நீ கொடுத்த நோட்டில் எழுதிவைக்கிறேன். வந்ததும் படித்துக்கொள்.

ஊரைச் சொல்கிறேன். நடுக்கடலில் வளையல் போல ஒரு பவளப்பாறை. வளையலின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அதுதான் ஊர். நீளம் நாலு மைல். அகலம், அதிகமாகப் போனால் நம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை. வெளிப்பக்கம் பெருங்கடல், ஓயாத இரைச்சல். உள்பக்கம் வெளிறிய பச்சை நிறத்தில் காயல், அலையே இல்லை. ஆறு இல்லை, ஓடை இல்லை, குளம் இல்லை, குன்று இல்லை. கையில் ஒட்டுகிற மண் ஒரு பிடி கிடையாது. வெள்ளை மணலும் பவளச் சில்லும்தான். ஊரிலேயே உயரமான இடம் பத்தடி. அதன்மேல் சர்ச் கட்டியிருக்கிறார்கள். நம் மலைக்கோயிலுக்குப் படி மட்டும் ஆயிரத்துச் சொச்சம் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

ஜனவரி 8, சனி

சபைத் தலைவர் பெயர் தோமாசி. முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் என்ஜின் பார்த்தவர். என்னைக் கண்டதும், "தூத்துக்குடி! பரோட்டா! சால்னா!" என்று கட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த மூன்று சொல்தான். நமக்குக் குடும்பமே கிடைத்த மாதிரி இருந்தது.

இன்னொருவர் லோசா. என் வயதுதான் இருக்கும், நாற்பது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறவர். பிறகு கையடக்கமான உப்பு மீட்டரை எடுத்துக்கொண்டு கிணறு கிணறாகப் போவார். மீட்டர் ஒரு எண் காட்டும். அறுநூறு என்றால் நல்ல தண்ணீர். ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் யாருமே குடிக்கக்கூடாது. நல்ல இங்கிலீஷ் பேசுகிறார். எனக்குப் பாதி புரிகிறது, மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். முகம் எப்போதும் கணக்கு வாத்தியார் முகம்.

"நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழைக்காலம். ஜனவரியில மட்டும் முன்னூறு மில்லிமீட்டர் பெய்யணும். இந்த வருஷம் இதுவரைக்கும் நாலு" என்றார்.

சில வருடங்களில் கிழக்குக் காற்று பலத்துப்போய், கடலின் சூட்டுத் தண்ணீரையெல்லாம் மேற்கே தள்ளிவிடுமாம். மேகமும் சூட்டின் பின்னாலேயே போய்விடுமாம். "உங்க மழை இல்ல, எங்க மழைதான் உங்க ஊர்ல பெய்யுது" என்றார். போன ஐப்பசியில் நம் ஏரி உடைந்து வாழைத்தோட்டம் முங்கியது ஞாபகம் வந்தது.

நாற்பத்தொரு வீடு, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். கூரைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டிகள் காய்ந்துவிட்டன. வீட்டுக் கிணறுகள் ஆள் உயரம்தான். அவையும் வற்றி, எண் ஏறிக்கொண்டிருக்கிறது. மார்ச் 31 கப்பலுக்குள் நல்ல தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால், கைக்குழந்தை உள்ள பதினொரு தாய்மாரையும் பெரிய தீவுக்கு அனுப்ப வேண்டும். பதினாலு வருடத்துக்கு முந்திய பஞ்சத்தில் அப்படித்தான் அனுப்பினார்களாம்.

"திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"பாதிப் பேர் வரல. அங்கயே வேலை, பள்ளிக்கூடம், எல்லாம் ஆயிருச்சு. எங்க அக்கா அதுல ஒருத்தி" என்றார் லோசா. கணக்கு வாத்தியார் முகம் கொஞ்சம் மாறியது.

தீவின் நடுவில், அகலமான இடத்தில் ஒரு பொதுக் கிணறு வேண்டும். கடப்பாரைக்கு மசியாத பவளப்பாறை அங்கே படுத்திருக்கிறது. அதற்குத்தான் கம்பெனி எங்களையும் துளை போடுகிற ரிக் வண்டியையும் கப்பலில் அனுப்பியிருக்கிறது. எல்லாம் சரி, லோசா கொடுத்த தாளைப் பார்த்துத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆழம் பதினைந்து அடி, அதற்குமேல் ஒரு அடிகூடக் கூடாது என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறது. ஆயிரத்து இருநூறு அடி போர் போட்ட கை இது. பதினைந்து அடியில் நாங்கள் மேல்மண் சரியாமல் இறக்குகிற கேசிங் பைப்பையே நிறுத்தமாட்டோம்.

ஜனவரி 11, செவ்வாய்

துணி துவைத்தேன். வண்டிக்கு கிரீஸ் வைத்தேன். காலையில் இருபத்தொன்பது டிகிரி, மத்தியானம் முப்பத்தொன்று, ராத்திரி இருபத்தேழு. நேற்றும் அதுவே, நாளையும் அதுவேதான் என்கிறார்கள். பனியும் கிடையாது, கோடையும் கிடையாது. கிழக்குக் காற்று மட்டும் ஒரு நிமிடம் ஓய்வதில்லை. காயப்போட்ட வேட்டி காயலுக்குள் போய்விட்டது. ஒருவர் படகில் போய் எடுத்துவந்து கொடுத்தார், கூடவே இரண்டு மீனும்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். தேங்காய்ப்பாலில் பொங்கல் வைத்தோம், நன்றாகவே வந்தது. வண்டிக்குச் சூடம் காட்டி, நாலு தேங்காய் உடைத்தேன். லோசா பதறிவிட்டார். "குடிக்கிற தண்ணிய ஏன் தரையில ஊத்துறீங்க?" என்றார். சாமிக்கு என்றேன். "உங்க சாமி தாகமா இருந்தா டம்ளர்ல குடுங்க" என்றார். சென்னியப்பன் சிரித்த சிரிப்பில் தீப்பெட்டி கீழே விழுந்தது.

பாறையை உடைத்துப் பதினைந்து அடி போட நாற்பது நிமிடம். தண்ணீர் வந்தது. மீட்டர் அறுநூற்று நாற்பது. ஊரே கைதட்டியது. எனக்கு மட்டும் சப்பென்று இருந்தது. ஊறுகிற தண்ணீர் நம் தெருக்குழாய் கோடையில் சொட்டுகிற மாதிரி. மணிக்கு எட்டுக் குடம் வந்தால் அதிகம். கடல் கடந்து வந்து இதைப் போட்டுவிட்டுப் போனேன் என்று நம் ரிக் வண்டிக்காரர் சங்கத்தில் எப்படிச் சொல்வது?

"இது போதும். மெதுவா எடுத்தா போதும்" என்றார் லோசா.

ஜனவரி 16, ஞாயிறு

எல்லோரும் சர்ச்சில். பாட்டு மட்டும் மூன்று மணி நேரம். அருமையாகப் பாடுகிறார்கள், காற்றும் அந்தப் பக்கம் அடித்தது. நாங்கள் வண்டியைச் சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம், மெஷின் துருப்பிடிக்கக் கூடாதல்லவா.

ஜனவரி 17, திங்கள்

கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது! ஊற்றுக்கண் தானாகத் திறந்துகொண்டது என்று சொன்னேன். தோமாசி என்னைத் தூக்கிச் சுற்றினார். அதுமட்டுமா, இந்தப் போர்க்குழியில் தண்ணீர் தினமும் இரண்டு தடவை தானாக மேலே ஏறுகிறது. இருபத்தைந்து வருடத்தில் இப்படிப்பட்ட ஊற்றை நான் பார்த்ததில்லை. லோசாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அது கடல் ஏற்றம். இங்க எல்லாக் கிணறும் ஏறி இறங்கும்" என்றார். இருக்கட்டும். ஊற்று ஊற்றுதான்.

பம்ப் பத்து மணி நேரம் ஓடியது. ஏழு தொட்டி நிறைந்தது. சென்னியப்பன் ஏனோ கலந்துகொள்ளாமல் துளைக்குள் இறக்குகிற ராடுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஜனவரி 21, வெள்ளி

டீ ஒரு மாதிரி இருந்தது. பால் பவுடர் டப்பா பழசு போலிருக்கிறது. மாற்ற வேண்டும்.

ஜனவரி 24, திங்கள்

சென்னியப்பனுக்கு சோப்பு நுரைக்கவில்லையாம். இங்குள்ள கடையில் வாங்கினால் அப்படித்தான் என்றேன். "இது ஊர்ல இருந்து கொண்டாந்த சோப்புங்க மாமா" என்றான். ஈரத்தில் கெட்டுப்போயிருக்கும்.

ஜனவரி 27, வியாழன்

துவரம்பருப்பு இரண்டு மணி நேரமாகியும் வேகவில்லை. பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன். உன் அண்ணன் கடைதான், வசந்தா. விசாரி.

ஜனவரி 29, சனி

லோசா மீட்டரோடு வந்தார். நம் போரில் இரண்டாயிரத்து நூறு. பக்கத்து ஐந்து வீட்டுக் கிணறுகளிலும் ஆயிரத்து எண்ணூறுக்குமேல்.

"எத்தனை அடி போட்டீங்க?"

"பதினைஞ்சு."

நோட்டில் எழுதிக்கொண்டார். ராடுகள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்தார். மழைமானியில் இன்றும் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டில் சென்னியப்பன், "மாமா, சொல்லிப்போடலாமுங்க" என்றான். எதை என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 1, செவ்வாய்

மெரேத்தா என்று ஒரு பெண், எதிர்வீடு. மடியில் நாலு மாதக் குழந்தை. தானே முடைந்த ஓலைப் பாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் கொடுத்ததற்காம். "இவனுக்கு உங்க பேரு வைக்கலாம்னு வீட்டுல பேச்சு" என்றாள். அப்போதும் அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் அவள் குடத்தை முக்கி எடுத்தாள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை.

பிப்ரவரி 3, வியாழன்

வசந்தா, வயிற்றுக்கு ஒன்றுமில்லை. முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது? அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது பத்தடி ராடு மூன்றைக் கூடுதலாக இறக்கினேன். நாற்பத்தைந்து அடி. சென்னியப்பன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. தண்ணீர் போதவில்லை என்றால் நம் ஊரில் என்ன செய்வோம்? இன்னும் இறக்குவோம். அதுதானே எனக்குத் தெரிந்த தொழில்.

சோப்பு, பருப்பு, பால் பவுடர் எல்லாம் பொய். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எனக்குத் தெரியாதா? உன் அண்ணனை விசாரிக்காதே. என் பேரை வைக்கவிருந்த குழந்தைக்கு நானே உப்பைக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 4, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு மழைமானிப் பக்கத்தில் போய் நின்றேன். சொன்னேன். லோசா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "மூணு ராடா?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னிக்கே எண்ணிட்டேன். பதினைஞ்சு அடிக்கு வேண்டியதுக்கு மேல மூணு ராடு கழுவி வச்சிருந்துச்சு. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன். இன்னிக்கும் சொல்லலேன்னா நாளைக்கு நானே சபையில சொல்லியிருப்பேன்" என்றார்.

பிறகுதான் கோபம் வந்தது. "உங்க ஊர்ல கீழ பாறை இருக்கு. இங்க கீழ கடல் இருக்கு."

எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. பெய்கிற மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கிற கடல்தண்ணீர் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. ரசத்தின்மேல் நெய் மிதப்பது போல. நெய் வேண்டும் என்கிறவன் கரண்டியை அடிவரைக்குமா விடுவான்? நான் விட்டேன். அதோடு பத்து மணி நேரம் பம்ப் ஓட்டி, கீழே கிடந்த உப்பை மேலே இழுத்தும் விட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

பம்பை நிறுத்தினோம்.

பிப்ரவரி 5, சனி

சபைக் கூடத்தில் ஊர் கூடியது. சுவர் இல்லாத பெரிய ஓலைக் கூரை, எல்லோரும் தரையில். எழுந்து நின்று சொன்னேன், லோசா மொழிபெயர்த்தார். நாற்பத்தைந்து என்றதும் ஒரு சத்தம் எழுந்தது பாரு, கடல் இரைச்சல் கேட்கவில்லை. மெரேத்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தோமாசி என்னைப் பார்க்காமலேயே தீர்ப்பைச் சொன்னார். இங்கே கிணற்றைக் கெடுத்தவனுக்கு ஒரு வழக்கம் உண்டாம். அவன் தீவின் வடகோடியில் இருக்கிற கெடாத கிணற்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் ஒரு குடம் சுமக்க வேண்டும். வாசலில் நின்று, "கிணற்றைக் கெடுத்தவன் வந்திருக்கிறேன்" என்று அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். கிணறு தேறும்வரை. தண்ணீர் சுமப்பவன் பட்டினியாகப் போகக்கூடாது என்பதால், அந்த வீட்டார் அவனுக்குத் தின்ன ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். கோபமாக இருந்தாலும்.

திரும்பி வரும்போது சென்னியப்பன், "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆகோணும் மாமா. நீங்க என்னடான்னா சுமக்கோணும்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

பிப்ரவரி 7, திங்கள்

முதல் நாள். நாற்பத்தொரு குடம். தள்ளுவண்டியில் எட்டு எட்டாக. தண்டனை எனக்குத்தான், ஆனாலும் சென்னியப்பன் பின்னால் தள்ளினான். வடக்குக் கிணறு அதற்குமேல் ஒரு குடம் தாங்காது, எடுத்தால் அதுவும் உப்பேறும் என்று லோசா எண்ணிக் கொடுக்கிறார். முதல் வீட்டில் நாக்குக் குழறியது. பத்தாவது வீட்டில் பழகிவிட்டது. அவித்த கிழங்கு, சுட்ட மீன், தேங்காய்ச் சோறு, மறுபடி கிழங்கு. மெரேத்தா வாசலில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரி 9, புதன்

போர்க்குழியை அடைத்தோம். இங்கே களிமண்ணுக்கு எங்கே போவது? சர்ச் படிக்கு வைத்திருந்த மூன்று மூட்டை சிமெண்டைப் பாதிரியார் கொடுத்தார். நான் போட்ட போரை நானே மூடியது இதுதான் முதல் தடவை. மேலே பழைய பதினைந்து அடியை மட்டும் விட்டுவைத்தோம். மீட்டர் மூவாயிரத்து நூறு.

பிப்ரவரி 20, ஞாயிறு

பேண்ட் பொத்தான் போடவில்லை. கோபக்கார ஊரில் ஒருவன் இப்படிக் கொழுப்பான் என்று யார் நினைத்தது? நாற்பத்தொரு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அதுவும் வழக்கம். சென்னியப்பன் சாமர்த்தியமாகப் பின்தங்கிக்கொள்கிறான்.

லோசாவிடம் ஒரு பழைய வரைபடம் இருக்கிறது. குழி வேண்டாம், வாய்க்கால் வேண்டும் என்கிறது அது. ஆறடி ஆழம், நூறு கஜம் நீளம். மிதக்கிற நல்ல தண்ணீரின் மேல்தோலை மட்டும் தொடுகிற மாதிரி ஓட்டைக் குழாய்களைப் படுக்கவைத்து, சல்லி போட்டு மூடிவிட வேண்டும். எல்லா இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், கடல் மேலே வராது. குழாய்கள் நாலு வருடமாகச் சபை கொட்டகையில் தூங்குகின்றன. பாறையை உடைக்கத்தான் ஆள் இல்லை.

எங்களிடம் கம்ப்ரஸர் இருக்கிறது, உடைக்கிற சுத்தியும் இருக்கிறது என்றேன். லோசா வரைபடத்தில் ஆழத்தை விரலால் தட்டிக் காட்டினார். "ஆறடிதான்" என்றார். "ஆறடிதானுங்க" என்றேன், தமிழிலேயே.

மார்ச் 12, சனி

காலையில் குடம், பிறகு வாய்க்கால். கடல் இறங்குகிற நேரத்தில்தான் தோண்ட முடியும். அந்த நேரம் தினமும் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகிறது, சாப்பாட்டு நேரமும் அதோடு தள்ளிப்போகிறது. வாட்ச் பார்ப்பதை விட்டுவிட்டேன். நான் பாறையை உடைக்க, ஊரே வரிசையாக நின்று சில்லைக் கூடை கூடையாகக் கைமாற்றுகிறது. பாட்டுப் பாடிக்கொண்டேதான். தோமாசி குரல் பாட்டுக்கு ஆகாது, ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

இன்று மெரேத்தா கதவைச் சாத்தவில்லை. குழந்தை என் மூக்கைப் பிடித்தது.

மார்ச் 22, செவ்வாய்

மழை! ஓடிப்போய் மழைமானியைப் பார்த்தேன். நாலு மில்லிமீட்டர். லோசா எழுதிக்கொண்டு, "எறும்புக்குப் போதும்" என்றார். மீட்டர் இரண்டாயிரத்து இருநூறு. கப்பலுக்கு ஒன்பது நாள். எதிர்வீட்டில் துணி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மார்ச் 27, ஞாயிறு

கிழக்குக் காற்று நின்றது. வந்த நாளிலிருந்து காதில் இருந்த இரைச்சல் இல்லாமல் போனதும் ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி எல்லோரும் வெளியே வந்து நின்றோம். பிறகு மேற்கே காயலுக்கு அந்தப் பக்கம் கருத்தது. சர்ச்சில் பாட்டு பாதியில் நின்றது. மூன்று மணி நேரம் கொட்டியது, வசந்தா! கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. பாத்திரம், பக்கெட், படகு, குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற டப் எல்லாம் வெளியே. சென்னியப்பன் சோப்பை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் குளித்தான். நுரை நுரையாக வந்தது. சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

லோசா மழைமானியை என் கையில் கொடுத்து, "நீங்க படிங்க" என்றார். நூற்றுப் பன்னிரண்டு. கத்திச் சொன்னேன்.

மார்ச் 30, புதன்

கப்பல் ரேடியோவில் பேசியது, நாளைக் காலை வருகிறது. வாய்க்கால் அறுபது கஜம் முடிந்திருக்கிறது, நாற்பது பாக்கி. ஒப்பந்தப்படி வண்டியும் நாங்களும் இந்தக் கப்பலில் திரும்ப வேண்டும். வண்டியைத் தோணித்துறைக்கு இழுத்துக் கட்டிவிட்டோம். ராடுகளை எண்ணி ஏற்றினேன். வேலை சுத்தமாக முடியவில்லையே என்று சென்னியப்பன் இரண்டு தடவை சொன்னான். சித்திரை ஒன்றுக்கு வீட்டில் இருப்பேன், வசந்தா.

மார்ச் 31, வியாழன்

தோணித்துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

காலையில் பதினொரு தாய்மாரும் மூட்டையோடு துறையில் நின்றார்கள். ஊரே நின்றது. லோசா வாய்க்கால் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் கலந்து மீட்டரை முக்கினார். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது.

நாற்பது அதிகம். தோமாசி மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "நாற்பதுதானே. ஆயிரத்து ஐந்நூறுன்னு சொன்னா யாருக்குத் தெரியும்?" என்றார். பாவம், அவர் பேத்தியும் அந்தப் பதினொரு கைக்குழந்தைகளில் ஒருத்தி. லோசா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். வாசல் வாசலாக நின்று பழகிய பாஷையில் சத்தமாகச் சொன்னேன்: "கிணற்றைக் கெடுத்தவன் சொல்கிறேன். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. இன்றைக்குக் குழந்தைகளுக்கு ஆகாது."

மெரேத்தாதான் முன்னால் வந்தாள். "என்னிக்கு ஆகும்?"

"வாய்க்கால் முடிஞ்சா ஆகும். நாற்பது கஜம். இருபது நாள்."

"அதுவரைக்கும்?"

பதிலை ஊர் சொன்னது, நான் சொல்லவில்லை. கைக்குழந்தை இல்லாத முப்பது வீட்டாரும் இந்த ஆயிரத்து ஐந்நூற்று நாற்பதை நாங்கள் குடித்துக்கொள்கிறோம், வடக்குக் கிணற்று நாற்பத்தொரு குடமும் குழந்தைகள் வீட்டுக்கே போகட்டும் என்றார்கள். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பாதிரியார் இரண்டு கையையும் தூக்கினார்.

மெரேத்தா நகரவில்லை. துறையில் கட்டியிருந்த வண்டியைக் காட்டினாள். "அது கப்பல்ல போகுதே. பாறையை யாரு உடைப்பா?"

கப்பல்காரர்கள் கயிற்றை வீசிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் சென்னியப்பன் வண்டி மேலே ஏறி, கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். "என்ன மாப்ள பண்றே?" என்று கத்தினேன்.

"ஏனுங்க மாமா, கேக்கோணுமாங்க இது? நாற்பது கஜத்தை வச்சுட்டுப் போய் அக்காகிட்ட என்னன்னு சொல்றது? நீங்க வேணா போங்க, நான் முடிச்சுட்டு வாரேன்."

நான் மட்டும் எங்கே போக? போய் மறுபக்கத்துக் கட்டை அவிழ்த்தேன். வேலை கொடுத்த கம்பெனிக்குக் கோபம் வரும், வரட்டும். அடுத்த கப்பல் மே மாதக் கடைசியில். சித்திரைக்கு நான் இல்லை, வசந்தா. உனக்கும் கோபம் வரும். இந்த நோட்டை முதலிலிருந்து படித்துவிட்டுக் கோபித்துக்கொள். பால் பவுடரில் ஆரம்பித்து எல்லாமே இருக்கிறது, ஒன்றையும் கிழிக்கவில்லை.

பதினொரு பேரும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கப்பலில் ஏறுவதற்கு இந்த நோட்டைத் தவிர யாருமில்லை. கேப்டன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கடல் இறங்குவதற்குள் அவர் பவளப்பாறை இடுக்கைத் தாண்டியாக வேண்டும். கூட்டம் கூடியதில் இன்றைய வேலை தாமதம். எட்டுக் குடம் இன்னும் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது, கொண்டுபோய் இறக்க வேண்டும்.